ஆகாயத்தாமரையில் தொடங்கிய பள்ளிக்கரணைப் பயணம்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், எங்கள் ஏழாம் வகுப்பு மாணவர்களைச் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அழைத்துச் சென்றோம். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அன்றைக்குப் பள்ளியில் படம் வரைவதற்கும் பேசுவதற்கும் முன்பாகப் பிள்ளைகள் ஓர் ஈரநிலத்தின் கரையில் நின்றிருக்க வேண்டும் என்று அறிவியல் ஆசிரியையான நான் விரும்பினேன். வேளச்சேரியிலிருந்தும் மடிப்பாக்கத்திலிருந்தும் வரும் அவர்களுக்கு இந்த இடம் புதிதன்று. ஆனால், பேருந்து சன்னல் வழியே பார்ப்பவர்களுக்கு அது புதர் மண்டிய தண்ணீராகவும், காற்று திரும்பும் நாள்களில் பெருங்குடிக் குப்பைமேட்டின் நாற்றமாகவும் மட்டுமே தெரிகிறது.

இத்தகைய பயணங்களில் எடுத்த எடுப்பிலேயே பூநாரையைக் காட்டிவிடுவது வழக்கம். பூநாரையைப் பார்த்த பிள்ளைக்குப் பிறகு கோரையும் சம்பும் கண்ணில் படுவதில்லை என்பதால், நான் செடிகளிலிருந்தே தொடங்கினேன். சூழலியல் பூங்காவின் நடைபாதை ஓரத்தில் பணியாளர்கள் அள்ளிப் போட்டிருந்த ஆகாயத்தாமரைக் குவியலிலிருந்து, அவர்களிடம் கேட்டு ஒரு செடியை வாங்கினேன். அதன் உப்பிய இலைக்காம்பை நீளவாக்கில் பிளந்தபோது, உள்ளே வெள்ளையாகச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்ததும் குமிழிகள் கிளம்பின. "மிஸ், உள்ள பூரா காத்துதானா?" என்று ஒரு மாணவன் கேட்டான். காற்றுதான், அந்தக் காற்றால்தான் அது மிதக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி நீர்ப்பரப்பை மூடிவிட்டால் வெயில் அடியில் இறங்காது, நீரில் உயிர்வளி குறையும், மீன்கள் தவிக்கும். சம்பும் காற்றறைகள் உள்ள செடிதான் என்றாலும் அது மிதப்பதில்லை. காற்றுப் புகாத சேற்றில் ஊன்றிய வேர்களுக்கு இலை வழியே காற்றை இறக்கிக்கொடுத்து வாழ்கிறது. ஒரே உறுப்பமைப்பை இரண்டு செடிகள் இரண்டு விதமாகப் பயன்படுத்துவதைப் பாடநூல் படத்தைவிட அந்த வாளி தெளிவாகச் சொன்னது.

அதன்பின் பிள்ளைகள் சம்பங்காட்டைப் பார்த்த பார்வையே மாறியது. அதனுள் நீலத் தாழைக்கோழி ஒன்று, தண்டைக் காலால் பற்றித் தூக்கி, கரும்பு கடிப்பதுபோல் உரித்துத் தின்றுகொண்டிருந்ததை ஒரு மாணவிதான் முதலில் கண்டாள். நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் நீர்த்திட்டுகளில் நிறைய இருந்தன. பூநாரைகள் தொலைவில், இருநோக்கிக்குள் வெளிறிய இளஞ்சிவப்புக் கோடாக மட்டுமே தெரிந்தன.

எல்லோரையும் கட்டிப்போட்டது நத்தைகுத்தி நாரைதான். அதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும்; அந்த இடைவெளி குஞ்சுகளுக்கு இராது, வளர வளரத்தான் உண்டாகிறது. அலகு நுனியை ஓட்டுக்குள் செலுத்தித் தசையை அறுத்து நத்தையை உருவிவிடுவதால், ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. கரையோரச் சேற்றில் கிடந்த வெற்று ஓடுகளைப் பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். அவற்றில் பல கீறல்கூட இல்லாமல் முழுதாக இருந்தன. ஒவ்வொன்றும் நாரை தின்றதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அவர்களுக்குச் சொன்னேன்.

நிழலில் அமர்ந்து புளிச்சோறு உண்ணும்போது, பேச்சு மழையின் பக்கம் திரும்பியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை அவர்களில் பலர் மறக்கவில்லை. தென்சென்னையின் ஏரிகள் பலவற்றிலிருந்து வழியும் நீர் இந்தத் தாழ்நிலத்தில்தான் வந்து சேர்கிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. நீரை வாங்கித் தேக்கி மெல்ல விடும் இந்த நிலத்தின் மீதே சாலைகளும் கட்டடங்களும் குப்பைமேடும் ஏறியிருக்கின்றன. 2007-இல் இதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. எஞ்சியிருப்பதையாவது முழுதாகக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அதை மாணவர்களிடம் வெளிப்படையாகவே சொன்னேன்.

வகுப்புக்குத் திரும்பியதும், ஒவ்வொருவரும் தம் தெருவின் மழைநீர் எந்த வடிகால் வழியே எங்கே போகிறது என்று வீட்டில் கேட்டு வரைபடத்தில் குறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சில கோடுகள் பாதியிலேயே நிற்கின்றன. அந்த இடங்களை நேரில் பார்க்கவும், ஒக்கியம் மடுவுப் பாலத்தில் நின்று நீர் வெளியேறும் வழியைக் காட்டவும், கோடை விடுமுறைக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் பெற்றோரையும் சேர்த்து அழைத்துச் செல்ல இருக்கிறோம்.