மலை ஈரத்தில் ஈயச் சிப்பாய்களுக்கு வண்ணம் பூசுவது

ஜூன் பிறந்ததும் மேட் (பளபளப்பில்லாத) ஸ்ப்ரே வார்னிஷ் டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கே இருந்தாலும் ஜனவரி வரை அதைத் தொட வேண்டாம். வாரக்கணக்கில் உட்கார்ந்து தீட்டிய 24 சிப்பாய்கள் மேல் அதை அடித்த சில நிமிடங்களில் மாவு தூவியதுபோல் வெள்ளை படர்ந்துவிடும். டப்பாவின் வாயுவும் கரைப்பானும் ஆவியாகும்போது பூசிய இடம் சட்டென்று குளிர்கிறது. வெளியே பனிமூட்டம் சன்னலைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது, அந்தக் குளிர்ந்த படலத்தில் காற்றின் ஈரம் படிந்து வார்னிஷுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. வெளுத்துவிட்டால் சுரண்ட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, மேலே கிளாஸ் (gloss, பளபளக்கும்) வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசிப் பாருங்கள். சொரசொரப்பான மேற்பரப்பை அது நிரப்பிவிடுவதால் பெரும்பாலும் நிறம் திரும்பிவரும்.

சரிசெய்ய உதவும் அந்தக் கிளாஸ் வார்னிஷையே முதலிலிருந்து பயன்படுத்தலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. 1960, 70களில் இங்கிலாந்தில் வார்கேமிங், அதாவது மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்திப் போர் விளையாடுவது, வளர்ந்தபோது 25 மி.மீ. ஈயக் கலவைச் சிப்பாய்களுக்கு எனாமல் பூசி, மேலே பளபளக்கும் வார்னிஷைத் தூரிகையால்தான் பூசினார்கள். மேசையில் கையால் எடுத்து நகர்த்துகிற படை, விரல் எண்ணெயையும் உரசலையும் தாங்க வேண்டும். அந்தப் பழைய முறை நம் மலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஈயத்தைச் சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. வார்ப்பு அச்சின் இரு பாதி சேர்ந்த இடத்தில் துருத்தும் கோட்டைச் சிறிய அரத்தால் தேய்க்கும்போது நனைத்துத் தேயுங்கள், தூள் பறக்காது. அந்த மேசையில் டீ கிளாஸ் வைக்காதீர்கள். பிறகு பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவையுங்கள். சமவெளியில் ஒரு மணி நேரம் போதும். இங்கே தொப்பிக்கும் காதுக்கும் இடையில் தண்ணீர் ஒளிந்திருந்து, பிறகு பிரைமரை (அடிப்பூச்சை) கொப்புளமாகத் தூக்கிவிடும்.

ஒட்டுவதற்குச் சூப்பர் குளூ சரி. காற்றின் ஈரம்தான் அதை இறுக வைக்கிறது என்பதால் மழைக்காலத்தில் இன்னும் வேகமாகப் பிடிக்கும். ஆனால் அதன் ஆவி அதே ஈரத்தோடு சேர்ந்து சுற்றிலும் வெள்ளையாகப் படியும். அதனால் ஒட்டு வேலை எல்லாவற்றையும் பிரைமருக்கு முன்பே முடித்து, படிந்ததைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அடித்தட்டுக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். ஒரு மழைக்காலத்திலேயே ஓரம் உப்பிவிடும். பிளாஸ்டிக் தகடு அல்லது மெல்லிய இரும்புத் தகடு நல்லது. மண் தரைக்கு, காய்ந்த தேயிலைச் சக்கையைத் தூவுகிற பழக்கம் நம் பக்கம் இயல்பாக வந்துவிடும். அரைகுறையாகக் காய்ந்த சக்கை ஜூலையில் பூஞ்சை பூக்கும். பழைய பாணிப் படைக்குப் பச்சை வண்ணம் மட்டும் பூசிய தட்டே அழகு.

பிரைமரையும் தூரிகையால்தான் பூச வேண்டும். வெள்ளை மேட் எனாமலைக் கொஞ்சம் டர்பன்டைன் விட்டு இளக்கி, பொத்தான், இடுப்புவாரின் வரைகள் அடைபடாத அளவுக்கு மெல்லியதாக. வெள்ளை அடிப்பூச்சின் மேல்தான் சிவப்பும் மஞ்சளும் எடுப்பாகத் தெரியும். எனாமல் காயச் சமவெளியில் ஒரு நாள் என்றால் இங்கே ஆகஸ்டில் மூன்று நாள். காய்ந்துவிட்டதா என்று விரலால் தொடாதீர்கள், மூக்கருகே கொண்டுபோங்கள். எண்ணெய் வாடை இருக்கும்வரை அது காயவில்லை. அதன்மேல் அக்ரிலிக் பூசினால் பாளம் பாளமாக வெடிக்கும். பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, மேலே சில துளை போட்டு, உள்ளே ஓரத்தில் 15 வாட் குண்டு பல்பை எரியவிட்டால் நல்ல காயும் பெட்டி. பல்புக்கும் சிப்பாய்க்கும் டப்பாச் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். ஆள் வீட்டில் இல்லாதபோது எரியவிடாதீர்கள்.

எந்தப் படை என்று கேட்டால், 18ஆம் நூற்றாண்டின் நம் போர்கள்தான் என்பேன். 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதியது ஒரு மேசைக்கு அளவான போர். லொரேன் படைப்பிரிவுக்குப் பிரெஞ்சு வெண்சாம்பல் கோட்டு. லாலியின் சொந்தப் படைப்பிரிவுக்கோ சிவப்பு. எதிரே நிற்கும் ஆங்கிலேயருக்கும் சிவப்புதான். மேசையில் குழம்பாமல் இருக்க இரண்டு சிவப்பையும் வேறுபடுத்துங்கள்: ஒன்றுக்கு அரக்குச் சாயல், மற்றதற்கு ஆரஞ்சுச் சாயல். வெண்சாம்பல் கோட்டுக்கு முதலில் பழுப்புச் சாம்பல், மடிப்புகளை அப்படியே விட்டு மேடுகளில் மட்டும் சந்தன வெள்ளை. சுத்த வெள்ளையைக் குறுக்குவாருக்கென்று ஒதுக்கி வையுங்கள். எல்லா இடத்திலும் அதைப் போட்டால் சிப்பாய் சுண்ணாம்பு அடித்த சுவராகத் தெரிவான்.

இன்னும் அருகில் வர வேண்டுமென்றால் மைசூர்ப் படை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகுதான் நீலகிரி கம்பெனி கைக்கு வந்தது. திப்புவின் காலாட்படையின் ஊதாச் சட்டையில் இருக்கும் வெள்ளைப் புலிவரியில்தான் கைத்திறன் தெரியும். முதலில் ஊதா. தீச்சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் சேற்றுப் பழுப்புதான் வரும், ஏனென்றால் அந்தச் சிவப்பில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. நீலம் பக்கம் சாய்ந்த ரத்தச் சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கு 1ஆம் எண் சேபிள் (மென்மயிர்) தூரிகை. அதைவிட மெல்லிய 000 வேண்டாம். நுனியில் பிடிக்கும் துளி வண்ணம் துணியைத் தொடுமுன் காய்ந்துவிடும். வண்ணம் பால் பதத்தில் இருக்கட்டும். தூரிகை நுனியை வைத்து, லேசாக அழுத்தி, இழுத்தபடியே தூக்குங்கள். நடுவில் தடித்து இரு முனையிலும் கூராகும் சுடர் வடிவம் தானாக விழும். 25 மி.மீ. சிப்பாயின் ஒரு கைக்கு ஐந்தாறு வரி போதும், நெஞ்சில் எட்டு. வரிசை பிடித்தாற்போல் போடாமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அதிகமானால் தூரத்திலிருந்து சாம்பல் சட்டையாகத் தெரியும்.

முகத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஐரோப்பியத் தோல் நிறத்தில் கறுப்பைக் கலந்து நம் சிப்பாய்க்குப் பூசினால் முகம் பிணம்போல் சாம்பல் பூக்கும். அடர் பழுப்பில் தொடங்குங்கள். அதே பழுப்பில் செங்கல் சிவப்புக் கொஞ்சம் சேர்த்து நெற்றி, மூக்குத் தண்டு, கன்னமேடு, தாடை. கடைசியாகக் காவி மஞ்சள் ஒரு துளி சேர்த்து அதே இடங்களில் இன்னும் சின்னதாக. கம்பெனியின் மதராஸ் சிப்பாய்கள் முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளைக் கால்சட்டை போட்டவர்கள், அதனால் முழங்காலையும் கெண்டைக்காலையும் இதே கவனத்தோடு செய்ய வேண்டும். 24 பேரையும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு நிறமாக, உள்ளிருந்து வெளியே: முகம், கோட்டு, கால்சட்டை, குறுக்குவார், துப்பாக்கி.

கடைசியில் வார்னிஷ். நீரில் கரையும் அக்ரிலிக் கிளாஸ், இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் ஒரு முழு நாள். பாலியூரிதேன் வார்னிஷ் உறுதியானது என்றாலும் நாளாக ஆக மஞ்சளாகும். பிரெஞ்சு வெள்ளைக்கு அது நஞ்சு. டப்பாவைக் குலுக்கினால் குமிழி வரும், குச்சியால் மெதுவாகக் கிளறுங்கள். பூசும்போது பால்போல் தெரிவது இயல்பு, காய்ந்தால் தெளியும். தடித்துத் தேங்கிய இடங்களில் மட்டும் ஈர நாட்களில் நீலம் பூத்து நின்றுவிடும். அக்குள், தொப்பியடி போன்ற இடங்களில் தேங்கியதைக் காய்ந்த தூரிகையால் உடனே உறிஞ்சி எடுங்கள்.

பத்திரப்படுத்துவதில் ஒரு கண் வேண்டும். பழைய ஈயச் சிப்பாய்களின் கால்களில் வெள்ளைப் பொடி பூத்தால் அது தூசி இல்லை, ஈயம் அரிக்கிறது. ஈரத்தோடு அசிட்டிக் அமில ஆவி சேர்ந்தால் ஈயம் கார்பனேட்டாக மாறும். புது மர அலமாரி, எம்டிஎஃப், மலிவான அட்டைப்பெட்டி எல்லாம் அந்த ஆவியை விடும். கண்ணாடிப் பேழையின் ஓரத்தில் பூசும் சிலிக்கோன் சிலவற்றில் வினிகர் வாடை வரும். அதுவும் இதே ஆவிதான். பழைய வண்ணத்தை எடுக்க வினிகரில் ஊறப்போடுவதும் இதனால்தான் கூடாது. பொடி பூத்திருந்தால் முகமூடி போட்டு, நனைத்துத் தேய்த்தெடுத்து, நன்றாகக் காயவைத்து மறுபடி பிரைமர் பூசுங்கள். மற்ற சிப்பாய்களோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

இரும்பு பீரோவின் தட்டுதான் சிறந்த இருப்பிடம். தட்டுக்கு ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல்லை ஒரு கைப்பிடி எடுத்துத் துணிப்பையில் கட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். இளஞ்சிவப்பாகியிருந்தால், சமையலுக்கு எடுக்காத பழைய தவாவில் மெல்லிய தீயில் நீலம் திரும்பும்வரை சூடாக்கி, ஆறியதும் பைக்குள் போடுங்கள்.