துள்ளிய சிவப்புப் புள்ளி

என் முதல் கருத்தரங்கில் நான் பயந்து செத்தது அவைக்குத் தெரிந்தது திரையைப் பார்த்துத்தான். கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய கல்மதகான குமிழித்தூம்பின் படம் ஆறடி உயரத்துக்கு நிற்கிறது. தூண் மேலிருக்கும் கல்வெட்டைக் காட்ட லேசர் பாயிண்டரை நீட்டினேன். விரலில் இருந்த துளி நடுக்கம், இருபதடி தாண்டித் திரையில் விழும்போது வெட்டுக்கிளியாகிவிட்டது. சிவப்புப் புள்ளி கல்வெட்டைத் தவிர எல்லா இடத்திலும் துள்ளியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அணைத்துவிட்டுத் தாளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தேன். தாளும் நடுங்கியது. மைக் பக்கத்திலேயே இருந்ததால் அந்தப் படபடப்பு ஸ்பீக்கரில் சோளத்தட்டை உரசுவது மாதிரி கேட்டது. பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள், நான் நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தை வாசிக்கவே இல்லை என்பது வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. கட்டுரையே அந்த மூன்றாம் பக்கத்தில்தான் இருந்தது.

இதில் பெரிய வெட்கக்கேடு, நான் ஒரு டீச்சர். புதுக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் பதினேழு வருடமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஐம்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மைக் இல்லாமல் பேசுகிறவள். பக்கத்து வகுப்புக் கணக்கு சார், “கொஞ்சம் மெதுவா டீச்சர்” என்று ஆளனுப்பியதெல்லாம் உண்டு. பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, படிக்க நேரம் கிடைக்குமா என்றுதான் கவலைப்பட்டேன். பேச வருமா என்று யோசிக்கக்கூட இல்லை.

யோசித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் குறள் ஒப்புவித்தல் போட்டி. எனக்கு விழுந்த அதிகாரம், நம்பினால் நம்புங்கள், அவையஞ்சாமை. போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் நிறைய உண்டு, அவையில் அஞ்சாமல் பேசுகிறவர்கள்தான் அரிது என்று சொல்லும் மூன்றாவது குறளைப் பிசகில்லாமல் ஒப்பித்தேன். நான்காவது வரவில்லை. முன்வரிசையில் அம்மா வாயசைத்துக் காட்டினாள். அதுவும் புரியவில்லை. ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். அம்மா அதை வருடக்கணக்கில் பயன்படுத்தினாள். தினமும் குளிக்கும்போது அந்த நான்காவது குறள் நினைவுக்கு வரும்.

கருத்தரங்கு முடிந்த வாரம் எங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டேன். நாய் துரத்தினால் உடம்பில் சுரக்கும் அதே அட்ரினலின்தான் மேடையிலும் சுரக்கிறது, அதனால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எச்சில் வற்றுகிறது, கை நடுங்குகிறது என்றார். நடுக்கத்துக்கு ப்ரோப்ரனலால் என்று ஒரு மாத்திரை உண்டாம். எனக்கு வீசிங் இருப்பதால் அதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். “நாய் இல்லன்னு உடம்புக்குப் புரிய வைங்கம்மா” என்றார். ஃபீஸ் வாங்கவில்லை.

புரிய வைத்தது அவரில்லை, எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்க்கும் நீர்க்கட்டி.

மே மாதம் கண்மாய் வற்றியதும் தூம்புக் கல்லில் மைப்படி, அதாவது கல்வெட்டு எழுத்தை மையால் தாளில் பதிக்கும் நகல், எடுக்கப் போயிருந்தேன். ஈரத்தாளைக் கல்வெட்டின் மேல் ஒட்டி பிரஷ்ஷால் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். “என்ன டீச்சர், கல்லுக்கு வெள்ளையடிக்கிறீங்களா?”

எழுத்தைப் படித்துக் காட்டினேன். பிறகு, எதற்கு அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை, தூம்பு எப்படி வேலை செய்யும் என்றும் விளக்கினேன். கண்மாய்க்குள், கரையிலிருந்து தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்கும். குறுக்கே துளையிட்ட பலகைக்கற்கள். அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டிக்கு மேலே ஒரு துளை, அதுதான் நீரோடி. கீழே பக்கவாட்டில் சிறு துளைகள், அவை சேறோடி. தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் சுருங்கை என்கிற நிலத்தடிக் கால்வாய் ஓடி வாய்க்காலில் சேரும். மேல்துளையின் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் குமிழியிட்டு இறங்கும். “தண்ணியும் சேறும் ஒண்ணாக் கலந்து போயிடும்” என்று முடித்தேன். கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

“ஒண்ணாப் போவும்னா எதுக்குத்தா ரெண்டு ஓட்டை?” என்றார். “மேல நிக்கிற தண்ணி மேல் ஓட்டையில இறங்கும். அது இறங்குற வேகத்துல அடியில கெடக்குற சேறு கீழ் ஓட்டை வழியா இழுபடும். உள்ள போனப்பறம்தான் கலக்கும். எங்கப்பா முங்கித் தெறக்கிறப்ப மொதல்ல காலை வெலக்கிக்குவாரு, இல்லன்னா இழுத்துரும்.”

ஒரு மணி நேரம் பேசியிருப்போம். கடைசியில்தான் கவனித்தேன், நாக்கு வறண்டிருந்தது. ஆனால் அது வெயிலுக்கு வறண்டது.

வீட்டுக்கு வந்து கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். “இவ்வாய்வின் நோக்கமானது” என்று தொடங்கும் வாக்கியத்தில் நாற்பத்து மூன்று சொற்கள். அதை ஒரே மூச்சில் படிக்க, முங்கித் தூம்பு திறந்து பழகியவர்களால்தான் முடியும். எனக்கு மூச்சு வாங்கியதில் பாதி பயம், பாதி இந்த வாக்கியம். வகுப்பில் ஒருநாளாவது நான் இப்படிப் பேசியிருக்கிறேனா? பிள்ளைகள் முகத்தைப் பார்த்து, புரியாதவனைக் கண்டுபிடித்து, அவனுக்காக இன்னொரு தடவை சொல்லுவேன். மேடையில் அப்படித் தேட ஒரு முகமும் இல்லை, தாள் மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது கருத்தரங்கு வேறொரு ஊரில். நம் கருத்தரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை: விளக்கேற்றி, வரவேற்று, வாழ்த்தி, எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தி முடிக்கவே மதியம் ஆகிவிடும். பிறகு அமர்வுத் தலைவர், “நேரம் குறைவு, ஆளுக்கு ஆறு நிமிடம்” என்பார். கட்டணம் கட்டி, பஸ் ஏறி வந்த ஆய்வாளரின் நேரத்தில்தான் எப்போதும் கை வைக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. என் முறை சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. அரங்கில் பதினான்கு பேர், அதில் மூன்று பேர் தூக்கம்.

இருந்தும் கால் நடுங்கியது, அதை மறைக்கப் போவதில்லை. கையில் கொடுத்த மைக்கை ஸ்டாண்டில் மாட்டித் தரச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் நின்றால் என் உயரத்துக்குத் தலை மட்டும்தான் தெரியும், அதனால் முன்னால் வந்துவிட்டேன். லேசரைத் தொடவில்லை. வகுப்பில் வரைபடம் காட்டும் கம்பைப் பையில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். திரையில் ஊன்றி வைத்த கம்பு நடுங்குவதில்லை.

மனப்பாடம் செய்திருந்தது இரண்டே வாக்கியம்தான். “உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919லும் 921லும், ஏரி வாரியம் என்று ஒன்று வருவது நம் எல்லோருக்கும் தெரியும். வாரியம் உத்தரவு போட்டிருக்கும், தண்ணீருக்குள் முங்கி அடைப்பைத் தூக்கியது யார்?”

இரண்டாவது வரிசையில் ஒரு பெண், கல்லூரி மாணவியாக இருக்கும், போனிலிருந்து தலையைத் தூக்கினாள். மீதி ஐந்தரை நிமிடத்தையும் அவளுக்குத்தான் சொன்னேன். நீர்க்கட்டி திருத்திய இடம் வந்தபோது, திருத்தியது அவர்தான் என்று சொல்லியே சொன்னேன். எப்போது நடுக்கம் நின்றது என்று எனக்குத் தெரியாது. சேறோடிக்குக் கம்பை நகர்த்தியபோது கை என் கையாக இருந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு மூத்த பேராசிரியர் எழுந்தார். வயிறு பிசைந்தது. “அந்த அடைப்பு மரமா, கல்லா?”

“தெரியலைங்க ஐயா. எங்கள் ஊரில் நீர்க்கட்டியின் அப்பா காலத்தில் மரம். கல்வெட்டு வெட்டிய காலத்தில் என்னவென்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.”

இப்படி நிற்பதைத்தான் முப்பது வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். அவர் தலையாட்டிவிட்டு, டைரியில் எதையோ குறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

ஊருக்கு வந்து நீர்க்கட்டியிடம் சொன்னேன், அவர் பேச்சைச் சபையில் சொன்னதாக. “காப்பி கீப்பி குடுத்தாங்களா?” என்றார். கொடுத்தார்கள் என்றேன். திருப்தியாகப் போனார்.

அடுத்த மாதம் மூன்றாவது கருத்தரங்கு. இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. அதைவிடப் பெரிய கவலை, கம்பைக் காணவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.