அதெல்லாம் ஆடாதுங்க ஐயா

"சுத்தம் பண்ணினா பல்லு ஆடிப்போகும்னு சொல்றாங்களே, நெசமாம்மா?" என்று கேட்டார் அந்தப் பெரியவர். "அதெல்லாம் ஆடாதுங்க ஐயா" என்றேன். மூன்று வருடமாகிறது. இன்றும் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் எனக்கு ஒரு நொடி வாய் வருவதில்லை.

பக்கத்தில், பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் வேலைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி, புரோப் என்ற அளவுக் கம்பியை வைத்து ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழத்தை அளந்துகொண்டிருந்தாள். கீழ் முன்பற்களுக்கு அவள் சொன்ன எண்கள் என் காதில் விழத்தான் செய்தன: 6, 7, 7. மூன்று மில்லிமீட்டர் வரை சரி. ஏழு என்றால் ஈறு பல்லை விட்டு விலகி, உள்ளே எலும்பும் கரைந்திருக்கிறது. அந்தப் பற்களை அசையாமல் பிடித்திருந்தது உட்புறம் சுவர் மாதிரி இறுகியிருந்த காரை, அதாவது பல்லில் படிந்து கல்லாகிப்போன அழுக்கு. நாக்குக்கு அடியில் உமிழ்நீர் வந்து சேரும் இடம் என்பதால் அங்கேதான் காரை தடிமனாகப் படியும். வகுப்பில் இதைச் சொல்லித்தருவதே நான்தான்.

காரையைச் சுரண்டும் ஸ்கேலர் கருவி பட்டதும் காரை ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. அடுத்த நொடி பல் என் விரலுக்கடியில் அசைந்தது. பெரியவர் வாய் கொப்பளித்துவிட்டு, நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ஆடாதுன்னீங்களேம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மதியம் மாணவி நோட்டோடு வந்தாள். "மேடம், 'ஸ்கேலிங் செய்தால் பல் ஆடாது'ன்னு எழுதியிருக்கேன். அடிச்சிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். எழுதியது சரிதானே? பல்லை ஆட்டியது நோய். காரை அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். காரையை விட்டுவைத்திருந்தால் மிச்ச எலும்பும் போயிருக்கும். ஆனால் பெரியவர் கேட்டது காரணத்தை அல்ல. வீட்டுக்குப் போகும்போது தன் பல் ஆடுமா என்று கேட்டார். ஆடும் என்பதே அதற்குப் பதில்.

ஈறு நோய் யாருக்கு எப்படிப் போகும் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு ஈறு நோய் ஆராய்ச்சியாளர் ஹரால்ட் லோ குழுவின் ஆய்வைத்தான் எப்போதும் சொல்வேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரை 1970 முதல் பதினைந்து வருடம் பார்த்தார்கள். பல் துலக்கும் பழக்கமும் சிகிச்சையும் இல்லாதவர்கள், வாய் நிறையக் காரை. அப்படியும் சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான் நோய் வேகமாக முற்றியது, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. கொஞ்ச நாள் இதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பெரியவர் விஷயத்தில் யூகிக்க என்ன இருந்தது? அந்தப் பெண் எண்ணை வாசித்துவிட்டாளே.

பயத்தில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். எழுந்து போயிருந்தால் பல்லே போயிருக்கும். இதை நான் இன்னமும் நம்புகிறேன்.

இப்போது தொடங்குவதற்கு முன்பே இரண்டு கருவிகளின் கைப்பிடிகளுக்கு நடுவே பல்லை வைத்து அசைத்து, கண்ணாடியில் காட்டச் சொல்லி மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறேன். போன மாதம் ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் காட்டினோம். பார்த்தார், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "வீட்ல கேட்டுட்டு வர்றேன்மா" என்று எழுந்து போனார். அவர் கார்டு இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.