சுகமான பின் வந்த வருத்தம்

2021 ஆகஸ்ட் மாத இறுதியில், நாடு முழுவதும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு நடைமுறையில் இருந்த நாட்களில், எனக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது. காய்ச்சல் நான்கு நாள், இருமல் இரண்டு கிழமை. வைத்தியசாலையில் தங்க வேண்டிய நிலை வரவில்லை. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டின் பின்னறையில் தனித்துக் கிடந்து, பனடோலும் மல்லிக் குடிநீரும் குடித்து, காலையும் மாலையும் வேது பிடித்து எழும்பிவிட்டேன். ஒக்டோபர் 1 ஆம் திகதி ஊரடங்கு நீக்கப்பட்டு அலுவலகம் திறந்தபோது, முகம் தெளிந்துவிட்டது என்று கண்டவர்கள் சொன்னார்கள். தொற்றோடு போன, மணம் உணரும் திறனும் அதற்குள் ஓரளவு திரும்பியிருந்ததால் நானும் அதை நம்பினேன். "லோங் கொவிட்" என்று சொல்லும், தொற்று நீங்கிய பிறகும் நீளும் வருத்தம் அதன் பின்னர்தான் தெரியவந்தது.

எங்கள் வீட்டில் கோப்பித்தூள் கடையில் வாங்கும் வழக்கம் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை மனைவி கோப்பிக்கொட்டையைத் தாச்சியில் போட்டு வறுத்து, இறக்கும் நேரம் பார்த்து மல்லியும் சுக்கும் சேர்ப்பார். நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், அடுப்பில் ஏதோ றப்பர் விழுந்து எரிகிறது என்று எண்ணி நான் குசினிக்கு ஓடினேன். தாச்சியில் கொட்டை பதமான கபில நிறத்தில் பொரிந்துகொண்டிருந்தது. அவர் தந்த கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு மீதியை வாழையடியில் ஊற்றினேன். இப்படியே ஒரு கிழமை போன பிறகு, "ஏன், என்ரை கோப்பி இப்ப உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?" என்று அவர் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னேன். இருபது வருடமாக வறுத்தவரிடம், நீர் வறுப்பது எனக்கு ரயர் எரிவதாக மணக்கிறது என்று சொல்வது அவ்வளவு இலகுவான காரியம் அல்ல. வெங்காயம் வதக்கினாலும், உள்ளி தாளித்தாலும், நெத்தலி பொரித்தாலும் அதே நாற்றம். மூன்று மாதத்தில் ஆறு கிலோ மெலிந்தேன்.

மணம் போவதும் மணம் மாறுவதும் ஒன்றல்ல என்பதைப் பின்னர் வாசித்துத்தான் அறிந்தேன். மூக்கின் மேற்கூரையில் மணத்தை உணரும் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கிப் பராமரிக்கும் துணைக் கலங்களில்தான் இந்த வைரசு முதலில் தொற்றுகிறது. துணைக் கலங்கள் அழிய, அவற்றை நம்பியிருந்த நரம்புக் கலங்களும் பாதிக்கப்பட்டு மணம் போகிறது. பின்னர் அந்த நரம்புகள் புதிதாக வளர்ந்து மூளையோடு மீண்டும் இணையும்போது சில இணைப்புகள் குறையாகவோ பிழையாகவோ அமைந்துவிடுவதால் மணம் திரிகிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். அதனால்தான் இந்தத் தொல்லை தொற்று நீங்கிய உடனேயே அல்லாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து வருகிறது. வறுத்த கோப்பியில் உள்ள, கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மம் மிகச் சிறிய அளவிலேயே இந்தத் திரிபைத் தூண்டுவதாகப் பிரித்தானிய ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தன் கைப்பக்குவத்தில் பிழை இல்லை என்பதில் அவருக்கு அன்று ஏற்பட்ட நிம்மதி எனக்கும் ஏற்பட்டது.

மணத்தை விட மோசமானது களைப்பு. களைப்பு என்ற சொல் இதற்குப் போதாது. வேலை செய்து வரும் களைப்பு படுத்தால் தீரும், இது படுத்தாலும் தீருவதில்லை. 2022 தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கி, வழியில் நின்ற மான்களுக்கு மகள் வாழைப்பழத்தோல் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு, சுவாமி மலை ஏற்றத்தில் மெல்ல நடந்து, சாமி கும்பிட்டு, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு வரை போய்த் திரும்பினேன். அன்று உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. இனிக் குணம்தான் என்று பெருமையாகவும் சொன்னேன். மறுநாள் பின்னேரம் தொடங்கி மூன்று நாள், கையைத் தூக்கிச் சட்டைப் பொத்தானைப் பூட்டவும் முடியாமல் கிடந்தேன். உழைப்புக்கும் தண்டனைக்கும் இடையில் ஒரு நாள் இடைவெளி விழுவதால், எது எதனால் வந்தது என்று பிடிபடவே எனக்கு மாதக்கணக்கு ஆனது.

அலுவலகத்தில் என் வேலை கணக்குப் பார்ப்பது. ஒரு நிரலைக் கீழிருந்து கூட்டிக்கொண்டு மேலே போகும்போது, கையில் மிச்சம் பிடித்த இலக்கம் நடுவழியில் மறைந்துவிடும். ஒருநாள் சிற்றூழியரிடம் "காசோலை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல் வராமல், "அந்தக் காசுத்தாள், கையெழுத்துப் போடுற தாள்" என்று விரலால் நீட்டி அளந்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் ஒருவேளை எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வைத்தியரிடம் போனேன். இரத்தத்தில் சீனி, தைரொயிட், ஈமோகுளோபின், நெஞ்சுப் படம், ஈசிஜி எல்லாம் எடுத்தார்கள். அது சரியான நடைமுறைதான். களைப்புக்கு வேறு காரணம் இருந்தால் முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் எல்லாம் சரியாக இருந்ததும், "ரிப்போட் எல்லாம் நோமல், நீங்கள்தான் யோசிச்சு யோசிச்சு வருத்தத்தைக் கூப்பிடுறீங்கள்" என்று சொல்லித் துண்டை நீட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உலக சுகாதார அமைப்பு 2021 ஒக்டோபரிலேயே இந்த நிலைக்கு வரைவிலக்கணம் வகுத்துவிட்டது: தொற்று ஏற்பட்டுப் பொதுவாக மூன்று மாதமளவில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள். இதை உறுதிப்படுத்தத் தனியான இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆகவே அறிக்கைகள் சரியாக இருப்பது நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஆங்கிலத்தில் "லோங் கொவிட்" என்ற பெயரையே 2020 மே மாதத்தில் எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியலாளர், தானும் நோயாளியாக இருந்த நிலையில், வைத்தார் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருக்கவில்லை. கிடப்பவருக்குத்தான் பாயின் நீளம் தெரியும்.

இரண்டாவதாகப் பார்த்த வைத்தியர், என்னைப் பத்து நிமிடம் படுக்க வைத்து நாடி பார்த்தார்; பின் எழுந்து நிற்க வைத்துப் பார்த்தார். படுக்கையில் 76 ஆக இருந்தது, நின்ற சில நிமிடங்களில் 112 ஆனது. நிற்கும்போது நாடி 30 அல்லது அதற்கு மேல் கூடி, இரத்த அழுத்தம் இறங்காமல் இருந்தால், தன்னியக்க நரம்புகளின் ஒழுங்கு தவறியிருக்கலாம் என்று விளக்கினார். உப்பையும் தண்ணீரையும் கூட்டச் சொன்னார். அழுத்தம் கூடியவர்கள் கேளாமல் இதைச் செய்யக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் உதவியது, களைக்கும் முன்பே நிற்க வேண்டும் என்பதுதான். அதுவரை ஊரில் எல்லாரும், "கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டு, உடம்பு தானாகப் பழகும்" என்றே புத்தி சொன்னார்கள். உழைத்த மறுநாள் சரியும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் புத்தி கேடு செய்யும்.

இதைக் கடைப்பிடிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து 2022 ஜூன் மாதப் பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில், நான் மகனின் சைக்கிளை மிதித்து அலுவலகம் போனேன். இரண்டு கிழமையில் முன்னேறியது அத்தனையும் போயிற்று. அதன் பிறகு, வெட்கத்தை விட்டு, அலுவலகம் போகும் வழியில் இரண்டு இடத்தில் குந்தி இருந்து போகப் பழகினேன்.

மணத்துக்கு ஒரு பயிற்சி உண்டு. ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு என்ற நான்கு மணங்களைக் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர வேண்டும்; ஜெர்மனியில் தோமஸ் ஹும்மல் குழுவினர் 2009 இல் வெளியிட்ட முறை இது. நான் பன்னீர், யூக்கலிப்டஸ் தைலம், கீறிய தேசிக்காய்த்தோல், இடித்த கராம்பு ஆகியவற்றை நான்கு சிறு போத்தல்களில் போட்டு, ஒவ்வொன்றையும் இருபது விநாடி முகர்ந்தேன். மாதக்கணக்கில் செய்தால்தான் பலன் தெரியும், எல்லாருக்கும் தெரியும் என்றும் இல்லை. முதலில் திரும்பியது கராம்பு. தேசிக்காய் அடுத்து வந்தது.

மனைவி இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை வறுக்கிறார். றப்பர் நாற்றம் போய்விட்டது; ஆனால் வருவது பழைய கோப்பி மணம் அல்ல, ஈரச் சாக்கில் கட்டி வைத்த மல்லியின் மணம் போல ஏதோ ஒன்று. கறுப்பாய், சீனி கூட்டி, அரைக் கோப்பை குடிக்கிறேன். மீதியை அவர் வாங்கிக் குடிக்கிறார்.