டிசம்பரில் போகாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து ஊர்ப்பக்கம் கல்வட்டம் (பழங்கால ஈமக்குழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) தேடி, அளந்து, படமெடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகாதீர்கள். நான் போனேன். திருச்சியில் இறங்கியதிலிருந்து மழை. புதுக்கோட்டைப் பக்கம் அம்மாவின் ஊரில், சின்ன வயதில் ஏறிக் குதித்த செம்புறாங்கற்கள் இருந்த மேட்டில் இடுப்பளவு புல். ஐந்து நாளில் கண்டது இரண்டு கல்லும் ஒரு சாரைப்பாம்பும்தான்.

ஜூனில் மறுபடி போனேன். வெயில் கொளுத்தியது, ஆனால் தரை தெரிந்தது. முறைப்படி சொல்லிவிடுவோமே என்று கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனால், "எந்தப் புல எண்?" என்றார் அங்கிருந்தவர். என்னிடம் கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருந்தது. அதை யார் பார்ப்பது? நாளைக்கு வாங்க என்றார். மறுநாள் அவர் விடுப்பு. நில உரிமையாளரின் பட்டாவில் புல எண் இருக்கும். முதலிலேயே அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டா வைத்திருந்த ஐயாவோ என்னை வரப்பிலேயே நிறுத்திவிட்டார். புதையல் சந்தேகம்போல என்று, "தோண்ட மாட்டேன் ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பயம் வேறு.

"நீ அளந்துட்டுப் போயிருவ தம்பி. நாளைக்கு 100 மீட்டருக்குள்ள கட்டடம் கட்டாதேன்னு எவனாவது வந்து நிப்பான்."

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சித்தன்னவாசல் பக்கம் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்? அது மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களுக்கான விதி, நான் அளப்பதால் மட்டும் வந்துவிடாது என்று விளக்கினேன். பிற்காலத்தில் வரவே வராது என்று சத்தியம் செய்ய முடியவில்லை, அதையும் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் கட்டிலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

அளக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில், அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்க, மகளும் நானும் கயிறு பிடித்து ஒத்திகை பார்த்திருந்தோம். 14 கல், குறுக்கே 6 மீட்டர். படத்தில் கல்லின் அளவு தெரிய வைக்கும் அளவுகோலை மட்டும் மறந்திருந்தேன். ஐயாவின் மண்வெட்டிக் காம்பை அளந்து, அதைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தேன். காலை ஏழு மணிக்குள் எடுங்கள், சாய்ந்த வெயிலில்தான் பாதி புதைந்த கல்லின் விளிம்பு தெரியும். கருப்பு-சிவப்புப் பானை ஓடு கண்ணில் பட்டால் படத்தோடு நிறுத்துங்கள், பையில் போடாதீர்கள். டிரோன் ஆசையும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு இந்தியா 2022 பிப்ரவரியிலேயே தடை போட்டுவிட்டது.

கிளம்பும்போது ஐயாவே கூப்பிட்டார். "அந்தப் பனைக்குக் கிழக்கால, கடலைக் கொல்லையில இன்னும் ரெண்டு கிடக்கு. பங்காளி நிலம். நான் பேசி வைக்கிறேன்."

எனக்கு அன்று இரவு விமானம். அடுத்து மார்ச் பள்ளி விடுமுறையில் வந்து பார்க்கலாம்; ஒரு வாரம்தான், போதும். டிசம்பரில் மட்டும் யார் கூப்பிட்டாலும் போவதாக இல்லை.