எங்கள் முதல் ஆல்பம்: 8 பாட்டு, 14 மாதம்

எட்டுப் பாட்டுதானே, இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று பேண்டில் எல்லோரிடமும் சொன்னது நான்தான். 14 மாதம் ஆனது. டிரம்மர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

எல்லாமே நாலு வருடமாக மேடையில் வாசித்த பாட்டுகள். ஆனால் காதில் கிளிக் ட்ராக் (வேகம் மாறாமல் இருக்கத் தாளம் தட்டும் ஒலி) ஓட வாசித்தபோதுதான், கோரஸ், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதி, வந்ததும் நான்கு பேரும் சேர்ந்தே ஓட்டம் பிடிக்கிறோம் என்று தெரிந்தது. பழைய வீடியோவைப் போட்டுக் கணக்குப் பார்த்தோம். நிமிடத்துக்கு 132 தட்டு வேகத்தில் தொடங்கிய பாட்டு 140-இல் முடிந்திருந்தது! கிளிக்குக்கு அடங்கி வாசித்தால் பாட்டு செத்துக் கிடந்தது. கடைசியில் கோரஸுக்கு மட்டும் 135 என்று ஏற்றி வைத்தோம். அப்புறம்தான் மூச்சு வந்தது.

டிரம்ஸை ஸ்டூடியோவில் இரண்டு நாளில் முடித்தோம். அதற்கு மேல் வாடகை கட்டாது. கிட்டார் முழுக்க என் அறையில்.

சென்னை, ஏப்ரல் மாதம். ஏசி ஓடினாலும் ஃபேன் சுற்றினாலும் மைக்கில் விழும். இரண்டையும் நிறுத்தினால் கால் மணி நேரத்தில் கம்பி சூடாகிச் சுருதி இறங்கிவிடும். ஒரு டேக் (ஒரு தடவை வாசித்துப் பதிவது), ஏசி ஐந்து நிமிடம், ட்யூனிங், மறுபடி ஒரு டேக். இதில் என் கிட்டாரில் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் ஒற்றைச் சுருள்), சும்மா இருக்கும்போதே 'உம்ம்' என்று முனகும். நாற்காலியை ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்தால் முனகல் பாதியாகக் குறைந்தது. அந்த இடத்தைத் தவறவிடக் கூடாது என்று நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸால் குறி போட்டேன்.

மைக் எஸ்எம்57. ஸ்பீக்கரின் நடுவில் வைத்தால் சத்தம் காதைக் குத்தும், ஓரத்துக்குப் போனால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்ததுதான் எங்களுக்குச் சரியாக வந்தது. மேடையில் கெயின் (கிட்டார் சத்தத்தின் கரகரப்பைக் கூட்டும் குமிழ்) 8-இல் இருக்கும். இங்கே அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) இருமுறை வாசித்து இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று வைத்தபோது இரண்டும் சேர்ந்து சேறாகிவிட்டது. கெயினை 4-க்கு இறக்கியதும்தான் ஒவ்வொரு நோட்டும் தனியாகக் கேட்டது, கூடவே என் தப்புகளும். ஒரு டேக்கையே நகலெடுத்து இரண்டு பக்கமும் போட்டால் ஆகாது, நடுவில் ஒரே கிட்டாராகத்தான் கேட்கும். அதனால் எல்லாவற்றையும் மறுபடி வாசித்தேன். மூன்று மாதம் போனது.

மிக்ஸிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவனவன் வாத்தியத்தை ஏற்றச் சொல்லிக் கேட்டோம். பதினோராவது வடிவத்தில் களைத்துப்போய் ஒத்துக்கொண்டோம்.

வெளியீட்டில் நான் சொதப்பினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் பாட்டை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு, 3000-க்கு 3000 பிக்சலில் அட்டைப்படம், எழுதியவர் இசையமைத்தவர் பெயர்கள் என்று எல்லாம் தயார் செய்தேன். ஆனால் வெளியாகும் நாளுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டை முன்வைத்தால்தான், நம்மைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பிளேலிஸ்டில் அது சேரும் என்று உறுதி. நான் ஏற்றியது நாலு நாள் முன்னால். போச்சு.

அடுத்த கூத்து, வெளியான அன்று காலை. ஒரு செயலியில் எங்கள் ஆல்பம் எங்கள் பெயரிலேயே இருக்கும் வேறொரு வெளிநாட்டு மெட்டல் பேண்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. மெயில் மேல் மெயில் போட்டு அதைப் பிரித்தெடுக்க மூன்று வாரம் ஆனது. பெயர் வைக்கும்போதே தேடிப் பார்த்திருக்கலாம்.

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1000 தடவையாவது ஓடியிருந்தால்தான் அதற்குப் பணம். எங்கள் எட்டில் மூன்று தேறியிருக்கிறது. நான் மூன்று மாதம் உருண்டு புரண்ட இடது-வலது ரிஃப் பாட்டு அதில் இல்லை. முதலிடத்தில் இருப்பது, பேஸ் வாசிப்பவன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒரே டேக்கில் முடித்துவிட்டுப் போன பாட்டு.