ஹிகிட்டா வெறும் வித்தைக்காரர் இல்லை
கொலம்பிய கோல்கீப்பர் ரெனே ஹிகிட்டா என்றாலே எல்லாரும் அந்த ஸ்கார்பியன் கிக் வீடியோவைத்தான் அனுப்புகிறார்கள். 1995 செப்டம்பர், வெம்ப்ளி, இங்கிலாந்துடன் நட்பு ஆட்டம். ஜேமி ரெட்னாப் தூக்கி அடித்த பந்தைக் கையால் பிடிக்காமல், முன்னால் பாய்ந்து இரண்டு குதிகாலையும் முதுகுக்கு மேலே கொண்டுவந்து தட்டிவிட்டார். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் அதை மட்டும் வைத்து அவரை எடைபோடுவது பெரிய அநியாயம்.

கொலம்பியாவின் மெடெயின் நகரத்துக்காரர். அங்கே அட்லெட்டிகோ நசியோனல் கிளப்பிலும் கொலம்பிய அணியிலும் பயிற்சியாளராக இருந்த மத்துரானா, டிஃபெண்டர்களை நன்றாக மேலே ஏற்றி நிறுத்துவார். அவர்களுக்குப் பின்னால் கிடக்கும் அவ்வளவு பெரிய இடத்தையும் யார் பார்த்துக்கொள்வது? ஹிகிட்டாதான். கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பாக்ஸை விட்டு ஓடிவந்து, பந்தைக் காலில் வாங்கி, ஃபார்வர்டை ஏமாற்றிவிட்டு பாஸ் கொடுப்பார். பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனம், அணிக்கு அது கூடுதலாக ஒரு டிஃபெண்டர். தென் அமெரிக்க கிளப்களுக்கான லிபர்டடோரஸ் கோப்பையின் 1989 இறுதியாட்டம் பெனால்டிக்குப் போனபோது நான்கைத் தடுத்து, தானும் ஒன்றை அடித்தார். கொலம்பிய கிளப் ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுதான் முதல் தடவை!

1990 உலகக் கோப்பையில் அதே பாணி காலை வாரியது. கேமரூனுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில், கோலிலிருந்து வெகுதூரம் வந்து நின்றவரிடமிருந்து ரோஜர் மில்லா பந்தைப் பறித்துக்கொண்டு போய் அடித்தார், 2-1, கொலம்பியா வெளியே. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இரண்டே வருடத்தில், 1992இல், சக வீரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பேக் பாஸைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்று விதி வந்தது, அப்புறம் எல்லா கோல்கீப்பரும் ஹிகிட்டா மாதிரி காலால் ஆடக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவர் புனிதர் இல்லை, சரி. 1993இல் ஒரு கடத்தல் விவகாரத்தில் பணம் கைமாற இடைத்தரகராக இருந்து, அதற்குக் காசும் வாங்கியதால் ஏழு மாதம் சிறை, 1994 உலகக் கோப்பையும் போச்சு. 2004இல் கோகெய்ன் சோதனையில் வேறு மாட்டினார்.

ஆனால் சிறையிலிருந்து வந்தவர் ஒதுங்கிவிடவில்லை. 1995 லிபர்டடோரஸ் அரையிறுதியில் அர்ஜென்டினா கிளப் ரிவர் பிளேட்டுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் நேராகக் கோல் அடித்தார். கொலம்பியாவுக்காக 68 ஆட்டம், 3 கோல். 2010இல் ஓய்வுபெறும்போது வயது 43.